‘சிங் ஹல்லேலூயா’ பாட்டை சபைக்காரர்கள் வரும் விருந்தில் போடலாமா?

கடலோரத்தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் அண்ணனுக்கு 50 வயது முடிகிறது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் ஒரு மண்டபத்தில் விருந்து வைத்திருக்கிறோம், பாட்டுப் பட்டியல் என் பொறுப்பு. டாக்டர் ஆல்பன் 1993-இல் வெளியிட்ட ‘சிங் ஹல்லேலூயா’ என்றால் அண்ணனுக்கு உயிர். அவர் பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷங்களில் போய்வந்த பஸ்ஸில் அந்தக் கேசட் ஓடாத நாள் கிடையாது, டிரைவர் பேஸை ஏற்றிவிட்டால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும், தூரத்தில் வரும்போதே எந்த பஸ் என்று தெரிந்துவிடும்.

ஆனால் அண்ணி வீட்டார் பெந்தெகொஸ்தே சபை, நாங்கள் முருகன் கோயில். பட்டியலைக் கேட்டதும் அண்ணியின் அம்மா, “ஆண்டவரைத் துதிக்கிற சொல்லை வைத்து டிஸ்கோ ஆடுவதா?” என்று வருத்தப்பட்டார். அவர் மனம் நோகக் கூடாது, அண்ணனுக்கும் அந்தப் பாட்டு வேண்டும். உண்மையில் அது துதிப்பாட்டுதானா, இல்லை அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்ட ஆட்டப்பாட்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேசட்பெட்டி:

தம்பி, முதலில் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். டாக்டர் ஆல்பன் நைஜீரியாவில் பிறந்தவர், 23 வயதில் பல் மருத்துவம் படிக்க ஸ்வீடனுக்குப் போனவர், பேருக்கு முன்னால் இருக்கும் அந்த ‘டாக்டர்’ பட்டம் அங்கிருந்து வந்ததுதான். படிப்புச் செலவுக்காக ஸ்டாக்ஹோம் கிளப் ஒன்றில் டிஜேயாக இருந்தார், இசைத்தட்டு ஓடும்போது மேலே தன் குரலில் எதையாவது பாடிப் பேசுவார், கூட்டம் அதற்காகவே வந்தது. அப்புறம் டெனிஸ் பாப் என்ற தயாரிப்பாளர் கண்ணில் பட்டார். 1990-இல் ‘ஹலோ ஆஃப்ரிக்கா’, 1992-இல் ‘இட்ஸ் மை லைஃப்’. இந்த இரண்டாவது பாட்டு பிரிட்டனில் 2-ஆம் இடம் வரை போயிற்று. அந்தப் பாட்டு இருக்கும் ‘ஒன் லவ்’ ஆல்பத்திலிருந்துதான் நீங்கள் கேட்கும் பாட்டும் வந்தது. பிரிட்டனில் 16-ஆம் இடம், ஐரோப்பாவின் வேறு பல நாடுகளில் முதல் பத்துக்குள். டெனிஸ் பாப்தான் ஏஸ் ஆஃப் பேஸ் என்ற ஸ்வீடன் குழுவின் ‘ஆல் தட் ஷீ வான்ட்ஸ்’ பாட்டையும் செய்தவர். பாவம், 1998-இல் 35 வயதிலேயே புற்றுநோயில் போய்விட்டார்.

ஆகவே இது சபையிலிருந்து கிளம்பிய பாட்டு இல்லை, கிளப்புக்காகச் செய்த பாட்டு. இதை மறைக்காமல் அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

சபைக்குயில்:

நான் முப்பது வருஷமாக எங்கள் சபைப் பாடகர் குழுவில் பாடுகிறேன், அதனால் எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு.

அந்த நாள் யூரோடான்ஸ் என்ற ஐரோப்பிய ஆட்டப்பாட்டுகளில் ஒரே அமைப்புதான் இருக்கும், அடியில் நிற்காத நாலடித் தாளம், ஆண் குரல் வேகமாகப் பேசிக்கொண்டு போகும், பல்லவிக்கு ஒரு பெண் வந்து உரத்துப் பாடுவார். இந்தப் பாட்டிலோ பல்லவியைத் தூக்கிப்பிடிப்பது ஒரு கூட்டமே பாடுவது போன்ற குரல். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வளர்ந்த காஸ்பல் முறையின் சாயல் அது. ஒருவர் முன்னால் சொல்ல, சபை முழுக்க எழுந்து பதில் கொடுக்கும். ஆல்பன் தன் கட்டைக்குரலில் ஜமைக்கா பாணியில் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், பல்லவி வந்ததும் பாட்டின் பாரம் முழுக்க அந்தக் கூட்டத்தின் தோளில் ஏறுகிறது. நான் முதல் தடவை கேட்டபோது கை தானாகத் தட்ட ஆரம்பித்தது, அந்தத் தட்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தட்டுகிற அதே இடத்தில் விழுந்தது.

அல்லேலூயா என்பது எபிரெயச் சொல், ‘கர்த்தரைத் துதியுங்கள்’ என்று நாலு பேரைக் கூப்பிடுவது. 150-ஆம் சங்கீதத்தை அந்த அம்மாவையே எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், எக்காளமும் தம்புருவும் கைத்தாளமும் மட்டுமல்ல, நடனமும் அதில் இருக்கிறது. என் வரையில் இந்தப் பாட்டு அந்தச் சொல்லைக் கேவலப்படுத்தவில்லை.

மலைமேல்வீடு:

அக்கா சொல்வது சரியாகவே இருக்கட்டும், ஆனால் வசனத்தைக் காட்டி ஒரு பெரியவரை மடக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான், அந்தச் சொல்லை ஜெபத்தில் கண்ணீரோடுதான் சொல்வார். பக்கத்தில் மதுக்கிளாஸோடு ஆடிக்கொண்டே அதைப் பாடினால் அவருக்கு வலிக்கும், எந்த விளக்கமும் அந்த வலியை எடுக்காது. அவரிடமே கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஆயாபேரன்:

நான் கோயில்காரன். தைப்பூசத்துக்கு அம்கேனி ரோடு கோயிலில் காவடி எடுக்கும்போது ஒருவர் “வேல் வேல்” என்பார், கூட்டம் “அரோகரா” என்று ஒரே மூச்சில் கொடுக்கும், கால் வலி அந்த நிமிஷம் மறந்துபோகும். சபைக்குயில் அக்கா சொன்ன முன்குரலும் பதில்குரலும் எனக்கு அப்படித்தான் புரிகிறது. அதே “அரோகரா”வை யாராவது குடித்துவிட்டுக் கத்தினால் எனக்கும் கோபம் வரும். அதனால் தம்பி, பாட்டைவிட எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்பதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

கடலோரத்தம்பி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாமியை, அதாவது அண்ணியின் அம்மாவை, உட்காரவைத்து, கேசட்பெட்டி அண்ணா சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு, பாட்டை முழுசாகப் போட்டேன். ஆல்பன் பேசும் இடங்களில் முகத்தைச் சுளித்தார், பல்லவியில் ஒன்றும் சொல்லாமல் கேட்டார், முடிந்ததும் கூட்டம் பாடுகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார். பாஸ்டர் ஜெபித்து, கேக் வெட்டி, எல்லோரும் சாப்பிட்டு முடித்த கையோடு போட வேண்டும், மது பரிமாறுவது அதற்கு அப்புறம்தான் தொடங்க வேண்டும். அண்ணனும் ஒத்துக்கொண்டார்.

கேசட்பெட்டி அண்ணா, இந்தப் பாட்டின் நீளமான கிளப் பதிப்பு உங்களிடம் இருக்கிறதா? என்னிடம் இருப்பது பல்லவி சூடுபிடிக்கும்போதே அடங்கிவிடுகிறது.