சூடானதும் இன்ஜின் ரேஸ் தானாக ஏறுகிறது, இறங்கவே இல்லை. அவசரம்

பாலக்கோட்டான்:
வணக்கம். மூன்று மாதமாக வீட்டு வாசலில் வைத்துப் பழைய யமஹா பைக்கைத் தேற்றி, போன வாரம்தான் உயிர் வந்தது. காலையில் இரண்டே உதை, பிடித்துக்கொள்கிறது. ஆனால் காரிமங்கலம் போவதற்குள் சூடாகிவிடுகிறது. அப்புறம் ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்குவதில்லை. நிறுத்தி நின்றால் தானாகவே ஏறுகிறது. கேபிள் புதிது, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டும் மாற்றியாயிற்று. ஞாயிறு மச்சான் கல்யாணத்துக்கு இதில்தான் வருவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உடனே சொல்லுங்கள்.

கிக்கர் கிருஷ்ணகிரி:
எந்த யமஹா நண்பா? ஆர்எக்ஸா, ஆர்டியா? தீப்பொறிக்குப் பழைய பாயிண்டா, எலக்ட்ரானிக் சிடிஐயா? பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா, என்ன நிறம்?

டூஸ்ட்ரோக் வாத்தியார்:
இதை எத்தனை முறை எழுதுவது? "ஜெட் மாற்றினேன்" என்றால் எந்த ஜெட், எத்தனாம் நம்பரிலிருந்து எத்தனைக்கு? மெயின் ஜெட் முக்கால் திருகலுக்கு மேல்தான் வேலை செய்யும். நின்ற இடத்தில் ஏறும் ரேஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடிப்படை தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

ஓசூர் ஷோகன்:
எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் செய்யும் வேலை தம்பி. 20 சதவீதம் கலக்கிறார்கள். பழைய ரப்பர் ஊறிப் பருத்துவிடும், பெட்ரோல்-காற்றுக் கலவையும் நீர்த்துப் போகும். என் ஷோகன் பைக் இந்த ஊரிலேயே பிறந்தது, டிவிஎஸ்-சுசுகி காலத்து வண்டி. அதற்கே பெட்ரோல் குழாயை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

பாலக்கோட்டான்:
ஆர்டி 350. சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன், மன்னிக்கவும். 87 மாடல், இழுவை குறைந்த எல்டி. பாயிண்ட்தான். இடது பிளக் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, வலது நல்ல காபி நிறம்.

கிக்கர் கிருஷ்ணகிரி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஒரு பக்கம் மட்டும் வெள்ளை என்றால் பெட்ரோலைக் குறை சொல்ல முடியாது. இரண்டு சிலிண்டரும் ஒரே டேங்கில்தானே குடிக்கின்றன. இடது பக்கம் எங்கேயோ காற்று இழுத்துக் கலவை நீர்க்கிறது. ரேஸ் ஏறி நிற்கும்போது சோக்கைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், பெட்ரோல் கூடும். இறங்கினால் அதுதான். அப்புறம் இரண்டு கார்பையும் இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். வெள்ளை வலது பக்கம் போனால் கார்ப், இடதிலேயே நின்றால் வேறு.

பழைய இரும்பு:
பாயிண்டையும் பாருங்கள். ஆர்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு செட். இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ., தீப்பொறி டைமிங் பிஸ்டனின் மேல்முனைக்கு 2 மி.மீ. முன்னால். டயல் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா, இல்லை காதாலா? இன்ஜினுக்குத் தானாக ஆயில் ஊற்றும் பம்ப் இருக்கிறதா?

பாலக்கோட்டான்:
காதால்தான். பம்பைக் கழற்றிவிட்டேன், லிட்டர் பெட்ரோலுக்கு 30 மில்லி ஆயிலை டேங்கிலேயே ஊற்றுகிறேன். ஆயில் முனைகளை அடைத்தாயிற்று. சோக் தூக்கினால் ரேஸ் இறங்குகிறது. கார்ப் மாற்றிய பிறகும் இடதுதான் வெள்ளை.

டூஸ்ட்ரோக் வாத்தியார்:
பம்பை ஏன் கழற்றினீர்கள்? யமஹாவின் ஆட்டோலூப் பம்ப் உங்களைவிடக் கணக்குத் தெரிந்தது.

பழைய இரும்பு:
வாத்தியாரே, நாற்பது வருடத்துப் பம்ப் ஒருநாள் சொல்லாமல் நின்றால் பிஸ்டன் ஜாம். கலந்து ஊற்றினால் கண்ணால் பார்த்த நிம்மதி.

டூஸ்ட்ரோக் வாத்தியார்:
அப்படியா? தருமபுரியிலிருந்து சேலம் போகிறபோது தொப்பூர் கணவாயில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் போகாத நேரத்தில் ஆயிலும் போகாது. பம்ப் என்றால் இன்ஜின் சுற்றும்வரை கொஞ்சமாவது ஊற்றும்.

பழைய இரும்பு:
அங்கே கிளட்சைப் பிடித்து நடுநடுவே ஒரு திருகு திருகுவேன். இருபது வருடமாக இறங்குகிறேன், ஜாம் ஆனதில்லை.

ஓசூர் ஷோகன்:
எல்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? இழுவை கூடிய ஹெச்டி என்றால் 30.5 குதிரைத் திறன், பேசலாம்.

கிக்கர் கிருஷ்ணகிரி:
அண்ணா, ஹெச்டி சண்டைக்கு வேறு இழை திறங்கள். தம்பி, இனி ஓட்டாதீர்கள். வெள்ளைப் பிளக்கோடு ஓடினால் அந்தப் பிஸ்டன் உருகும். எனக்கு இடது கிராங்க் சீல், அதாவது கிராங்க் ஷாஃப்டின் இடது முனையை அடைக்கும் ரப்பர் வளையம், அதன் மேல்தான் சந்தேகம். வலது சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகைக்கும். இடது பக்கம் ஆயில் கிடையாது, காற்றுதான் வரும்.

பார்க்கும் விதம்: கார்ப், சைலன்சர் இரண்டையும் கழற்றி, நான்கு வாயையும் சைக்கிள் டியூப் ரப்பர், கிளாம்ப் வைத்து அடையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் போதாது, இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் இருப்பது ஷாஃப்டை உரசாத லாபிரிந்த் சீல், காற்றை விடும். பிபி பார்க்கும் கருவி வீட்டில் இருக்கிறதா? அதன் பல்பையும் மீட்டரையும் ஒரு பிளக் ஓட்டையில் பொருத்தி 300 வரை ஏற்றுங்கள், 6 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் கீழே. அதற்குமேல் வேண்டாம். முள் ஐந்து நிமிடம் பெரிதாக இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் காயில் பக்கத்துக் கவர், ரோட்டர் எல்லாம் எடுத்துவிட்டு ஷாஃப்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். சிலிண்டர் பேக்கிங் ஓரத்திலும் தடவுங்கள்.

பாலக்கோட்டான்:
அப்பாவின் பிபி மெஷின் இருக்கிறது. அவர் தூங்கட்டும்.

(ஒன்பது நாள் கழித்து)

கிக்கர் கிருஷ்ணகிரி:
என்ன ஆயிற்று தம்பி?

பழைய இரும்பு:
கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தில் இருப்பார்.

பாலக்கோட்டான்:
கல்யாணத்துக்கு டவுன் பஸ்ஸில்தான் போனேன், மச்சான் இன்னும் சிரிக்கிறான். இடது சீல்தான். முள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, ஷாஃப்டைச் சுற்றி நுரை பொங்கியது. இன்ஜினை இறக்கிப் பிளந்து பார்த்தால் சீலின் உதடு பழைய வளையல் மாதிரி கட்டியாக இருந்தது, நகத்தால் அழுத்தினால் ஒடிகிறது. இரு பக்கமும் மாற்றியாயிற்று. டைமிங்கும் டயல் கேஜ் வைத்து. இப்போது ரேஸ் 1,300 ஆர்பிஎம்மில் நிற்கிறது. கிக்கர் அண்ணாவுக்கு நன்றி. பிபி மெஷினில் சோப்பு வாசனை வருகிறது, அப்பாவிடம் சொல்லவில்லை.

டூஸ்ட்ரோக் வாத்தியார்:
பம்பைத் திருப்பி மாட்டினீர்களா?

ஓசூர் ஷோகன்:
சீல் எங்கே வாங்கினீர்கள், என்ன விலை?

பழைய இரும்பு:
எனக்கும் ஒரு செட் வேண்டும். தம்பி?