தன்னடக்கமா, தற்சீராக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

குழந்தைக் கல்விச் சொற்பட்டியலில் 'செல்ஃப் ரெகுலேஷன்' (தன் கவனத்தையும் உணர்ச்சியையும் செயலையும் சூழலுக்கேற்பத் தானே நெறிப்படுத்திக்கொள்ளும் திறன்) என்பதற்குத் 'தன்னடக்கம்' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தன்னடக்கம் என்றதும் பணிவும் தற்பெருமை பேசாமையுமே நம் நினைவுக்கு வருகின்றன. 'சுயகட்டுப்பாடு' ஓரளவு பொருந்தினாலும், ஆசையை அடக்குதல் என்ற ஒரே கூறோடு நின்றுவிடுகிறது.

இத்துறையில் பரவலாக வழங்கும் ஒரு சோதனையில், 'தலையைத் தொடு' என்றால் குழந்தை கால்விரலைத் தொட வேண்டும். 'கால்விரலைத் தொடு' என்றால் தலையைத் தொட வேண்டும். சரியாகச் செய்தால் 2 மதிப்பெண். தலையை நோக்கிப் போன கையைத் தானே உணர்ந்து கால்விரலுக்குத் திருப்பினால் 1 மதிப்பெண். விதியை நினைவில் வைத்தல், கவனத்தைத் தக்கவைத்தல், முந்திக்கொள்ளும் அசைவை நிறுத்துதல், பிழையைத் திருத்துதல் ஆகிய அனைத்தும் அந்தச் சில நொடிகளில் நடக்கின்றன. இவற்றை 'அடக்கம்' என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்னால் இருக்கும் இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவதாகக் குழந்தைகளிடம் சொன்னார்கள். அதற்குமுன் தம்மிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரை நம்பி, இரண்டாவது இனிப்புக்காகக் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். வாக்குத் தவறிய பெரியவரிடமோ 3 நிமிடமே பொறுத்தார்கள். நாளைக்கு என்ன கிடைக்கும் என்ற உறுதியில்லாத வீட்டில் வளரும் பிள்ளை, கையில் கிடைத்ததை உடனே எடுத்துக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. இனிப்புக்காகக் காத்திருந்த நேரத்துக்கும் பிற்காலக் கல்வித் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு, குடும்பப் பின்னணியையும் தொடக்ககால அறிதிறனையும் கணக்கில் கொண்டபோது வெகுவாகக் குறைந்துவிட்டதை 2018-இல் வந்த ஆய்வும் காட்டியது. அப்படியிருக்க, நாம் ஆக்கும் சொல் ஆசிரியரின் வாயில் 'அடக்கமில்லாத பிள்ளை' என்று திரிந்தால், குடும்பத்தின் நெருக்கடி குழந்தையின் குணக்கேடாகப் பதிவாகிவிடும். 'தன்னொழுங்கு' என்பதிலும் ஒழுக்கத்தின் சாயல் படிந்திருக்கிறது.

ஆகவே 'தற்சீராக்கம்' என்று முன்மொழிகிறேன். தற்சார்பு, தற்செயல் போலவே புணர்ச்சி இயல்பாக அமைகிறது. உடல் வெப்பச் சீராக்கம் என்று உயிரியலில் வழங்குவதால், நன்னடத்தைத் தீர்ப்பு எதுவும் அதில் ஒட்டவில்லை. தற்சீராக்கத் திறன், தற்சீராக்கப் பயிற்சி என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. மேலே சொன்ன நெருக்கடியை, அதாவது குடும்பத்தின் பாதகநிலையைக் குறிக்கக் 'குடும்ப நலிவு' போதும். 'பின்தங்கிய' என்ற அடை வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டதால் அதைத் தவிர்க்கலாம். மாற்றுக் கருத்துள்ளவர்கள், தங்கள் சொல்லை வகுப்பறை வாக்கியம் ஒன்றில் பொருத்திக் காட்டி எழுத வேண்டுகிறேன்.