மறு: சூடெபிகிராஃபாவுக்கு ‘போலி நூல்’ வேண்டாமே

அண்ணா, வணக்கம்.

நம்ம அகராதிக்காக நீங்க அனுப்பின கலைச்சொல் பட்டியலை முழுசா பார்த்துட்டேன். மத்ததெல்லாம் எனக்குச் சம்மதம், ஆனா சூடெபிகிராஃபாவுக்கு, அதாவது எழுதினவர் பேர்ல இல்லாம வேற ஒருத்தர் பேர்ல வழங்கற பழைய நூல்களுக்கு, நேரா ‘போலி நூல்’னு போட்டிருக்கீங்களே, அதை மட்டும் தயவு செஞ்சு மாத்தணும். அகராதில ஒரு தடவை ஏறின சொல்லை அப்புறம் இறக்கறது லேசுல நடக்காது, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

போலி மருந்து, போலி டாக்டர், போலி பத்திரம்... இப்படித்தான் நம்ம ஜனங்க அந்த வார்த்தையைப் புழங்கறாங்க. கேட்ட உடனே தீர்ப்பு வந்துடுது, அப்புறம் அந்த நூலை எவன் திறந்து படிப்பான்? ஆராய்ச்சி பண்றவங்க சூடெபிகிராஃபாங்கற சொல்லால சொல்றது, நூல் யார் பேர்ல இருக்கோ அவர் எழுதினது இல்லைங்கற வரைக்கும்தான். உள்ள இருக்கறது உசத்தியா மட்டமாங்கறது தனி விசாரணை.

ஏனோக்கு நூலை எடுத்துக்கோங்க. நோவாவுக்குக் கொள்ளுத்தாத்தா பேர்ல இருக்கு, எழுதினது கிமு 3ஆம் நூற்றாண்டுல தொடங்கி கொஞ்சம் கொஞ்சமா. ஆனா புதிய ஏற்பாட்டுல யூதா நிருபம் 14, 15ஆம் வசனத்துல அதை மேற்கோள் காட்டி ஏனோக்கு தீர்க்கதரிசனம் சொன்னார்னு வருது, சாக்கடல் பக்கம் பழைய சுவடிகள் கிடைச்ச கும்ரான் நாலாம் குகைல அரமேயத் துண்டுகள் கிடைச்சிருக்கு, எத்தியோப்பிய சபைல இன்னைக்கும் அது வேதாகமத்துக்குள்ளயே இருக்கு. அவங்க வேதத்தைப் போலின்னு நம்ம தமிழ் அகராதி சொல்லணுமா அண்ணா?

பேர்களை அடுக்காம இன்னும் ஒரே ஒரு நூலைக் கிட்ட போய்ப் பார்க்கலாம், இயேசுவோட சீடர் பேதுரு பேர்ல இருக்கற, வேதாகமத்துல சேராத பேதுரு சுவிசேஷம். சுமார் 200ஆம் வருஷம் அந்தியோகியாவுல செராபியோன்னு ஒரு பிஷப். பக்கத்துல ரோசுஸ்ங்கற ஊர் சபைல இந்தச் சுவிசேஷத்தை வெச்சு சச்சரவு. அவர் முதல்ல அதைச் சரியா படிக்காமலே, இதுதான் பிரச்சினைன்னா வாசிச்சுட்டுப் போங்கன்னு விட்டுட்டார். அப்புறம் விவகாரம் வேற மாதிரின்னு காதுக்கு வரவும் பிரதியை வாங்கி உட்கார்ந்து படிச்சுட்டு, பெரும்பாலும் சரியான போதனைதான், சிலது மட்டும் கூடுதலா சேர்ந்திருக்குன்னு எழுதி அந்தச் சிலதையும் பட்டியல் போட்டு அனுப்பறார். எவுசேபியுஸ்ங்கற பிஷப் தன்னோட சபை வரலாற்றுல இதை எடுத்து வெச்சிருக்கறதாலதான் நமக்குத் தெரியுது. அந்தக் கடிதத்துலயே, பேதுருவையும் மத்த அப்போஸ்தலரையும் கிறிஸ்துவைப் போலவே ஏத்துக்கறோம், ஆனா அவங்க பேரைப் பொய்யா தாங்கி வர்ற எழுத்துகளைத் தள்ளறோம்னு சொல்றப்ப அவர் போடற கிரேக்கச் சொல்லே சூடெபிகிராஃபாதான்.

அப்போ ‘பொய்ப்பெயர் நூல்’னு நேரடியா வெச்சுடலாமேன்னு நீங்க கேப்பீங்க. செராபியோன் ஒரு மேய்ப்பர், தன் சபைக்கு எதை வாசிக்கலாம்னு முடிவு சொல்ல வேண்டிய இடத்துல இருந்தார், அவருக்கு அந்தச் சொல் பொருந்தும். அகராதி போடற நமக்கு அந்த வேலை இல்ல. தவிர, 1886-87 குளிர்காலத்துல எகிப்துல அக்மீம் பக்கம் ஒரு கல்லறைல கிடைச்ச துண்டைப் படிச்சா வேற ஒண்ணும் புரியும். கல்லறைலேர்ந்து மூணு பேர் வெளிய வர்றாங்க, ரெண்டு பேர் ஒருத்தரைத் தாங்கிட்டு, பின்னாடியே ஒரு சிலுவை, தூங்கினவங்களுக்குப் பிரசங்கிச்சியான்னு வானத்துலேர்ந்து குரல் கேக்குது, ஆமான்னு சிலுவை பதில் சொல்லுது! கடைசில, சீமோன் பேதுருவான நானும் என் சகோதரன் அந்திரேயாவும் வலையை எடுத்துட்டு கடலுக்குப் போனோம்னு வந்து அத்தோட அறுந்துடுது. எழுதினவரே பேதுருவோட பேரைப் பூண்டு ‘நான்’னு பேசறார்.

இதையும் புதிய ஏற்பாட்டுல இருக்கற எபிரெயர் நிருபத்தையும் ஒரே கூடைல போட முடியுமா? எபிரெயர்ல பவுல்ங்கற பேர் எங்கயுமே கிடையாது. பின்னாடி வந்தவங்கதான் பவுலோடதுன்னாங்க, யார் எழுதினார்னு கடவுளுக்குத்தான் தெரியும்னு ஓரிகன்ங்கற கிறிஸ்தவ அறிஞர் 3ஆம் நூற்றாண்டுலயே சொல்லிட்டார். அங்க எழுதினவர் யாரையும் ஏமாத்தல, பேர் வெளிய இருந்து வந்து ஒட்டிக்கிச்சு.

அதனால என் யோசனை ரெண்டு சொல். எழுதினவரே இன்னொருத்தர் பேரைப் போட்டுக்கிட்டா பெயர்பூண்ட நூல். பேரில்லாத நூலுக்கு மத்தவங்க பேர் கட்டினா பெயர்சார்த்திய நூல். அகத்தியர் பேர்ல வழங்கற வைத்திய நூல்களைப் பத்திப் பேசறப்பவும் இதே ஜோடி அப்படியே உதவும், அங்கயும் ரெண்டு மாதிரியும் இருக்குமே.

‘புனைபெயர் நூல்’னு அக்கா ஒருத்தங்க சொல்லியிருந்தாங்க, அது சரிப்படாது. புனைபெயர் தானா வெச்சுக்கற புதுப் பேர், இங்க எடுத்துக்கறது ஊரறிஞ்ச வேற ஒரு ஆளோட பேரை. அதே அக்கா, அந்தக் காலத்துல இது சகஜம், யாரும் தப்பா எடுத்துக்கலைன்னும் எழுதியிருந்தாங்க. அதுவும் முழுசா சரியில்லைங்க. பவுலைப் பத்தின ‘பவுல் நடபடிகள்’ங்கற நூலை எழுதினது ரோமப் பேரரசோட ஆசியா மாகாணத்து மூப்பர் ஒருத்தர், பவுல் மேல இருந்த அன்புல செஞ்சேன்னு ஒத்துக்கிட்டார், பதவி போச்சுன்னு தெர்த்துல்லியன்ங்கற ஆதி கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதறார். அன்புல செஞ்சதுதான், ஆனாலும் தப்புன்னுதான் அன்னைக்கும் பார்த்தாங்க. அதனால பூசி மெழுகற சொல்லும் வேண்டாம், அறையற சொல்லும் வேண்டாம்.

ஒரு நூலுக்குள்ள பின்னாடி வந்தவங்க நுழைச்சதுக்கு இடைச்செருகல் ஏற்கனவே நல்லா நிலைச்ச சொல், கை வைக்க வேண்டாம். ஆனா பக்கத்துல இன்னொண்ணு தேவைப்படுது. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் கிபி 93-94 வாக்குல எழுதின யூத வரலாறு, 18ஆம் புத்தகத்துல இயேசு பத்தி ஒரு பத்தி இருக்கே, அதுல “அவர் கிறிஸ்து”ன்னு நேராவே வருது. ஜோசிபஸ் இயேசுவைக் கிறிஸ்துன்னு ஏத்துக்கலைன்னு ஓரிகன் சொல்றார், அவருக்கு அப்புறம் 4ஆம் நூற்றாண்டுல எவுசேபியுஸ் கைல இருக்கற பத்திலயோ அந்த வாக்கியம் இருக்கு, ஆனா வேதாகமத்தை லத்தீன்ல மொழிபெயர்த்த ஜெரோம் தர்ற லத்தீன்ல “கிறிஸ்து என்று நம்பப்பட்டார்”னு இருக்கு. ஜோசிபஸ் எழுதின ஏதோ ஒண்ணு அடில இருக்கு, கிறிஸ்தவ நகலாளர் அதைத் தொட்டிருக்காங்கன்னு அறிஞர்கள் பலர் நினைக்கறாங்க. அப்படின்னா இது முழுச் செருகலும் இல்ல, மூலமும் இல்ல. இதுக்கு ‘கைபட்ட பாடம்’னு வெக்கலாமா?

சில சபைகள் மட்டும் வேதாகமத்துல சேர்த்துக்கற நூல்களுக்கு வழங்கற தள்ளுபடி ஆகமம், இணைத்திருமுறைங்கற சொல் ரெண்டையும் இந்தப் பதிவுக்குள்ள இழுக்காதீங்க, அது எந்தச் சபை எதை ஏத்துக்கிச்சுங்கற கணக்கு, யார் எழுதினாங்கங்கறது இல்ல.

பாக்கி நிக்கறது, இப்படி எழுதினவரைக் குறிக்க ஆளோட பேருக்கு முன்னாடி சேர்க்கற ‘சூடோ’ (பொய்யான). புதிய ஏற்பாட்டுல அப்போஸ்தலர் 17:34ல வர்ற, பவுல் காலத்து தியொனீசியு பேர்ல சுமார் 500ஆம் வருஷத்துல ஒருத்தர் எழுதினாரே, அவரைப் போலி தியொனீசியுன்னு போட எனக்கு மனசே வரல, எவ்வளவு பெரிய ஞானி. ‘தியொனீசியு பெயர்பூண்டார்’னு போட்டா சங்கப் புலவர் பேர் மாதிரி காதுக்கும் இதமா இருக்கு. நீங்களும் அக்காவும் பார்த்துட்டு சொல்லுங்க, மறுப்பு இருந்தா உதாரணத்தோட எழுதுங்க.