உங்களை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் போகிமான் எது? சேலம், ஏற்காடு பக்கத்து ஆட்கள் வாங்க

கன்னங்குறிச்சி தூண்டில்:

எனக்கு ஃபீபாஸ். நாலு நாள் தண்ணீரில் ஊறிய செருப்பு மாதிரி ஒரு மீன், அதையா பிடிக்கும் என்று கேட்பீர்கள். போகிமான் எமரால்ட் ஆட்டத்தில் வரும் ரூட் 119 பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆற்றில் நானூறுக்கும் மேற்பட்ட தண்ணீர்க் கட்டங்கள், அதில் ஆறே ஆறு கட்டத்தில்தான் இது கடிக்கும், அவை எந்தக் கட்டங்கள் என்று ஆட்டத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். 2012 கோடை லீவு. எமரால்ட், அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில், கேம்பாய் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரில். யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் சேலத்தில் கரண்ட் எந்த லட்சணத்தில் இருந்தது என்று தெரியும்தானே, வந்தால் ஒரு மணி நேரம் போனால் இரண்டு மணி நேரம், அதனால் அம்மா மாவு அரைப்பதும் நான் மீன் பிடிப்பதும் எப்போதும் ஒரே நேரத்தில்தான் நடக்கும்.

நோட்டில் ஆற்றை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் நாலு தடவை தூண்டில் போட்டு, இல்லையென்றால் பென்சிலால் அடித்துக்கொண்டே போனேன். கார்வான்ஹா, மேஜிகார்ப், டென்டகூல், மறுபடி கார்வான்ஹா. பதினோராவது நாள், அருவிக்குக் கீழே, அந்தப் பழுப்பு மீன் திரையில் வந்து நிற்கிறது. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். பையைத் திறந்து அதைப் பிடிக்க எந்தப் பந்து போடலாம் என்று இரண்டு நொடி யோசித்தேன். கிரைண்டர் சத்தம் நின்றது. முதலில் அதுதான் காதில் விழுந்தது, அப்புறம்தான் திரை கறுத்ததைப் பார்த்தேன்.

கரண்ட் வந்ததும் அதே கட்டத்தில் இருபது தடவைக்கு மேல் போட்டேன். ஒன்றுமே இல்லை, கட்டங்கள் தினம் தினம் இடம் மாறும்போல. இன்றைக்கும் எனக்குப் பிடித்த போகிமான் எது என்று யாராவது கேட்டால் நான் ஒருபோதும் வளர்க்காத அந்த மீன்தான் வாயில் வருகிறது. சரி, உங்களுடையதைச் சொல்லுங்கள்.

ஓக் மரத்தடி:

ஷெடிஞ்சா. நாகலூர் பக்கம் அம்மாயி வீடு, காபித் தோட்டம். லீவு விட்டால் அங்கேதான். மாமா வாங்கி வந்த கேம்பாய் அட்வான்ஸ், இரண்டு பென்சில் செல், போகிமான் சஃபையர் ஆட்டம். நின்காடாவை ரூட் 116-ல் பிடித்து லெவல் 20 வரைக்கும் இழுத்துக்கொண்டு போவது எவ்வளவு சலிப்பு என்று பட்டவர்களுக்குத் தெரியும். 20 வந்தது, நின்ஜாஸ்காக உருமாறியது, சரி என்று பட்டியலைத் திறந்தால் ஆறாவதாக ஷெடிஞ்சா என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நான் பிடிக்கவில்லை, யாரும் தரவும் இல்லை. பார்ட்டியில், அதாவது கூடவே வரும் அணியில், ஓர் இடம் காலியாக இருந்தால் அதுவாக வந்து ஏறிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. உயிர் 1. லெவல் எவ்வளவு ஏறினாலும் 1.

முதல் சண்டைக்கு அதை இறக்கினேன். நம் ஆள் எப்போதும் நமக்கு முதுகைக் காட்டித்தானே நிற்பான்? அந்த முதுகில் நீளமாக ஒரு பிளவு. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் இருட்டு. கண்ணை எடுத்து நிமிர்ந்து பார்த்தால், திண்ணைக்கு எதிரே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில், என் கைக்கு எட்டுகிற உயரத்தில், அதே சாயலில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதே மாதிரி முதுகு பிளந்து. நான் போட்ட சத்தத்தில் அம்மாயி ஓடி வந்து, "அடச்சே, சில்வண்டு கழட்டிப் போட்ட சட்டைடா அது" என்றார். ஏப்ரல், மே மாதத்தில் அந்த மரங்களில் அப்படி நூறு இருக்கும், அதுவரைக்கும் நான் பார்த்ததே இல்லை. அந்தப் பிளவுக்குள் எட்டிப் பார்த்தால் உயிரைப் பறித்துக்கொள்ளும் என்று ஃபயர்ரெட் ஆட்டத்தின் போகிடெக்ஸில், அதாவது போகிமான் குறிப்பேட்டில், எழுதியிருப்பதைப் பின்னால் படித்தேன், நல்ல வேளை அன்றைக்குப் படித்திருக்கவில்லை.

தீ, பாறை, பறவை, பேய், இருட்டு இந்த ஐந்து வகை அடியைத் தவிர வேறு எந்த அடியும் அதன்மேல் படாது, ஆனால் பாலைவனத்து மணல் காற்றில் ஒரே சுற்றில் போய்ச் சேர்ந்துவிடும். நிஜக் கூட்டை ஒரு தீப்பெட்டியில் வைத்துச் சேலத்துக்குக் கொண்டு வந்தேன். இருபது கொண்டை ஊசி இறங்கி முடிப்பதற்குள் தூளாகிவிட்டது.

பழைய கேட்ரிட்ஜ்:

எனக்கு சாரிசார்ட், அவ்வளவுதான். முதல் ஆட்டத்தில் முதலில் எடுத்தது சார்மாண்டர், கடைசி வரைக்கும் அதுவே நின்றது, அதற்கு மேல் கதை இல்லை. இங்கே எல்லாரும் யாருக்கும் தெரியாததைத் தேடித் தேடிச் சொல்வீர்கள் என்று தெரியும், ஊரே விரும்புவதை விரும்பினால் அது விருப்பமில்லையா என்ன.

அதை விடுங்கள். தூண்டில் தம்பி சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஃபீபாஸ் கட்டங்கள் தினம் தினம் இடம் மாறுவதில்லை. நீங்கள் டயமண்ட், பேர்ல் ஆட்டத்தோடு குழப்பிக்கொள்கிறீர்களோ என்னவோ, அங்கேதான் மலைக்குள் இருக்கும் குளத்தில் நாலு கட்டம், நாளுக்கு நாள் மாறும். எமரால்டில் ட்யூஃபோர்ட் ஊரில் அப்போது எந்தச் சொல் ஃபேஷனாக ஓடுகிறதோ அதை வைத்துத்தான் ஆறு கட்டமும் அமையும். சொல் மாறாத வரைக்கும் அதே கட்டம், சரியான கட்டத்தில் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருபது தடவை போட்டும் வரவில்லையென்றால் நீங்கள் நின்றது வேறு கட்டம்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நிஜ கேட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். கோல்டு, சில்வர் ஆட்டங்கள் வரைக்கும் உங்கள் சேவ் உள்ளே இருக்கும் பேட்டரியில்தான் உயிர் வாழ்கிறது. பேட்டரி தீர்ந்தால் சேவ் போச்சு, அதைக் கழற்றினாலும் போச்சு, ஆகவே முதலில் சேவைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். ரூபி, சஃபையர், எமரால்டில் அப்படியில்லை. அங்கே சேவ் தனியாக ஃபிளாஷ் சிப்பில் இருக்கும், பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். பேட்டரி காய்ந்துவிட்டது என்று ஆட்டத்தைத் திறந்ததும் ஒரு செய்தி வரும், பயப்படாதீர்கள், ஆட்டம் ஓடும், பெர்ரி வளர்வது மாதிரி கடிகாரத்தை நம்பியவை மட்டும் நடக்காது. உள்ளே இருப்பது சிஆர் 1616 பட்டன் செல், சால்டர் வைக்கத் தகட்டுக் காது உள்ளது, சால்டர் வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சிலர் டேப் ஒட்டி வைக்கிறார்கள், தயவு செய்து வேண்டாம், நான் பார்த்த இரண்டு போர்டுகள் அப்படித்தான் பாழாயின. எமுலேட்டர்க்காரர்களுக்கு ஒரே வார்த்தை: ஆட்டத்துக்குள் இருக்கும் சேவை நம்புங்கள், எமுலேட்டரின் குறுக்குவழி சேவை மட்டும் நம்பி உட்காராதீர்கள். சேவ் கோப்பை மாதம் ஒருமுறை வேறு இடத்தில் நகல் எடுங்கள்.

கன்னங்குறிச்சி தூண்டில்:

அண்ணே, ஃபேஷன் சொல் என்றதும் வயிற்றைப் பிசைகிறது. அன்று காலைதான் ட்யூஃபோர்ட் போய், அங்கே ஃபேஷன் சொல் கேட்கும் பையனுக்கு இரண்டு வார்த்தையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவனும் பிரமாதம் என்று ஒத்துக்கொண்டான். அதற்கப்புறம் சேவ் செய்யவே இல்லை.

பழைய கேட்ரிட்ஜ்:

அப்படிச் சொல்லுங்கள். காலையில் கட்டம் மாறியது, புதுக் கட்டத்தில் மீன் வந்தது, கரண்ட் போனதும் பழைய சொல் திரும்பிவிட்டது, கட்டமும் பழையபடி. உங்கள் நோட்டில் அதற்கு முன்னால் பத்து நாள் அடித்தது பழைய கட்டங்களுக்குச் சரிதான், அதில் தொடர்ந்திருந்தால் கிடைத்திருக்கும். நோட்டு இருக்கிறதா?

கன்னங்குறிச்சி தூண்டில்:

அந்த ஜூன் மாதமே பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது.

பதினாலாவது வளைவு:

செல்போனில் வெளியே சுற்றி ஆடும் போகிமான் கோ ஆட்களுக்கு இங்கே இடம் உண்டா? உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். இந்தியாவில் முறைப்படி வந்தது 2016 டிசம்பர் 14, நான் அதற்கு முன்பே ஏபிகே, அதாவது ஆப் கோப்பை நேரடியாகப் போட்டு ஆடிக்கொண்டிருந்தவள். ஸ்நார்லாக்ஸ் எனக்கு உயிர். 460 கிலோ, சாப்பாடு, தூக்கம், வேறு சோலி இல்லை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்ததும் கூடத்தில் குறுக்கே படுத்துவிடும் எங்கள் சித்தப்பாவேதான், அவரையும் தாண்டித்தான் போக வேண்டும்.

2017 பிப்ரவரி என்று நினைவு, சித்தியோடு ஏற்காடு பஸ்ஸில். வேகமாகப் போனால் அந்த ஆட்டம் ஒத்துழைக்காது, ஆனால் அந்த மலையில் பஸ் வளைவில் திரும்பும்போது நடக்கிற வேகம்தானே. "நான் பயணிதான்" பொத்தானை அழுத்திவிட்டுப் பார்க்கிறேன், பதினாலாவது வளைவுப் பலகைக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஸ்நார்லாக்ஸ். கை நடுங்கியது. பஸ் ஆடிய ஆட்டத்தில் முதல் இரண்டு பந்து எங்கேயோ போனது. மூன்றாவது உள்ளே போய் ஒரு தடவை ஆடியது, இரண்டாவது தடவை ஆடியது, சிக்னல் போய்விட்டது. மூலையில் அந்த வெள்ளைப் பந்து மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினைந்து, பதினாறு, பதினேழு, சித்தி வேறு வாந்தி வருகிறது பையை எடு என்கிறார். ஏரிக்கரை வந்து சிக்னல் கிடைத்ததும் பட்டியலைப் பார்த்தேன். பிடித்தேன் என்றும் இல்லை, ஓடிவிட்டது என்றும் இல்லை, அப்படி ஒன்றைப் பார்த்ததற்கே தடயம் இல்லை. அப்புறம் ரெய்டிலும் முட்டையிலும் எத்தனையோ ஸ்நார்லாக்ஸ் கிடைத்தது. அந்த ஒன்று பிடிபட்டதா இல்லையா, அது மட்டும் தெரிய வேண்டும்.

ஒரு வரிக்காரன்:

சாரிசார்ட் டிராகன் வகை கிடையாது, தீயும் பறவையும். சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

பழைய கேட்ரிட்ஜ்:

நான் எங்கே டிராகன் என்று சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள்.

கொலுசுப் பட்டறை:

சிவதாபுரம். க்யூபோன், ஆனால் நான் சொல்லப்போவது அதன் அம்மாவைப் பற்றி. 2004-ஓ 2005-ஓ, பள்ளிக்கூடம் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர், மணிக்குப் பதினைந்து ரூபாய், நாலாம் நம்பர் சிஸ்டத்தில் யாரோ போகிமான் ரெட் ஆட்டத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த மாதம் எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். (நன்றாகி வந்துவிட்டார், இப்போதும் கொலுசுக்கு மணி வைத்துக்கொண்டிருக்கிறார், யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.) ஆட்டத்தில் லாவெண்டர் டவுன் என்ற ஊரின் கல்லறைக் கோபுரத்தில் ஆறாவது மாடி. வழியை மறித்து நிற்கும் பேய் வேறு யாரும் இல்லை, டீம் ராக்கெட் என்ற கும்பலிடமிருந்து தப்பிக்கப் பார்த்துச் செத்துப்போன க்யூபோனின் அம்மா மாரோவாக் என்று தெரிந்த பிறகு எனக்கு அடிக்க மனசு வரவில்லை. பிடித்துவிடலாம், பிடித்துக் க்யூபோனிடமே கொண்டுபோய் விடலாம் என்று பந்து வீசினேன். தட்டிவிட்டது. இன்னொன்று. தட்டிவிட்டது. பையில் இருந்த பந்து அத்தனையும் வீசித் தீர்த்தேன், ஒவ்வொரு முறையும் இதைப் பிடிக்க முடியாது என்று அதே வரி. சென்டர் அண்ணன் இன்னும் பத்து நிமிஷம்தான் என்றார். அடித்தேன். இரண்டே அடி. தாயின் ஆன்மா அமைதி அடைந்தது என்று போட்டது. பத்து நிமிஷக் காசை விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தில் க்யூபோன் கிடைத்தாலும் முதலில் அதைப் பிடித்து, சண்டைக்கு அனுப்பாமல் பெட்டியில் வைத்துவிடுவேன். என் பையன் கேட்கிறான், சும்மா வைத்திருக்க எதுக்குப்பா பிடிக்கிற என்று.

ஓக் மரத்தடி:

அண்ணே, அந்தப் பேய் நமக்கு முன்னால் நின்றதும் நான் மிஷினையே அணைத்திருக்கிறேன். யாராவது இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்களா?

பழைய கேட்ரிட்ஜ்:

வழி இருக்கிறது. சிலாடன் டிபார்ட்மென்ட் ஸ்டோர் நாலாவது மாடியில் போகி பொம்மை விற்பார்கள், ஆயிரம் ரூபாய், அதாவது அவர்கள் ஊர்ப் பணம். காட்டில் எதிர்ப்படுவதிடமிருந்து தப்பிக்க வீசும் பொம்மை அது. பேயிடம் அதை வீசினால், நாம் ஜெயித்துவிட்டோம் என்று ஆட்டம் எடுத்துக்கொள்ளும். நிரலில் உள்ள ஓட்டை. பழைய ரெட், புளூ, யெல்லோ பதிப்புகளில் மட்டும், ஃபயர்ரெடில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். கோபுரத்துக்கு முன்பே சிலாடன் போக வழி இருக்கிறது, நிலத்தடிப் பாதை வழியாக. போகும்போது அப்படியே

கொலுசுப் பட்டறை:

போதும் அண்ணே, வழி தெரியும்.

கொலுசுப் பட்டறை:

மூன்று நாள் ஆனது, பட்டறை வேலைக்கு நடுவில்தானே ஆட முடியும். நேற்று இரவு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆறாவது மாடி ஏறினேன். பொம்மையை வீசினேன். அடி ஒன்றும் விழவில்லை. அப்புறம் அதே வரி, தாயின் ஆன்மா அமைதி அடைந்தது. பொம்மை கொடுத்தா போயிடுமா என்றான் பையன். ஆமாம் என்றேன்.

பதினாலாவது வளைவு:

பட்டறை அண்ணா, காலையிலேயே இதையெல்லாம் படிக்க வைக்கிறீர்களே.

கன்னங்குறிச்சி தூண்டில்:

நானும் எமரால்டை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். புது நோட்டு. ட்யூஃபோர்ட் பையனிடம் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு 43 கட்டம் முடிந்தது, அத்தனையும் கார்வான்ஹா. யுபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.