ட்ரஸ்ட் ஆடிட்டுக்கு ஆடிட்டருக்குத் தனி லைசன்ஸ் வேணுமாங்க? அவசரம்

கோபி_கணக்கு:
வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு சின்ன ட்ரஸ்ட்டுல கணக்கு எழுதறேன். சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன், தனியா இருக்கற பெரியவங்களுக்கு மத்தியானச் சோறு, அவ்வளவுதான் எங்க வேலை. 12ஏபி (ட்ரஸ்ட்டுக்கு வருமான வரி விலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடை குடுக்கறவங்களுக்கு வரிச் சலுகை) ரெண்டும் இருக்குது. மார்ச்சோட முடிஞ்ச வருசத்துக்கு வரவு 14 லட்சத்துச் சொச்சம். இத்தனை வருசம் பார்த்த ஆடிட்டர் ஐயா கண்ணு ஆபரேசன் பண்ணிட்டு, இனி நம்மளால ஆகாதுப்பான்னு ஃபைலையெல்லாம் மஞ்சப்பையில போட்டுக் குடுத்துட்டாருங்க.

எங்க மேனேஜிங் ட்ரஸ்டியோட தங்கச்சி பையன் சிஏ தான், திருப்பூர்ல பனியன் கம்பெனில ஃபைனான்ஸ் மேனேஜர், காசெல்லாம் வேண்டாம் மாமா நானே கையெழுத்துப் போடறேன்னாரு. அப்பாடான்னு இருந்தேன். அதுக்குள்ள போன வாரம் ஒருத்தர் ஆபீசுக்கே வந்து, தொண்டு நிறுவனம்னா தனி லைசன்ஸ் எடுத்த ஆடிட்டர் தான் போடோணும், மத்தவங்க போட்டா செல்லாது, 12ஏபியே கேன்சல் ஆயிரும், எங்ககிட்ட ஆள் இருக்குது 35,000 ஆகும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கூடவே எனக்கும் 18,000 கட்டினா 'என்ஜிஓ அக்கவுண்டன்ட்' சர்டிஃபிகேட் வாங்கித் தர்றாராம். ட்ரஸ்டி ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் பண்ணி என்னப்பா பண்றதுங்கறாரு. இப்படி ஒரு லைசன்ஸ் நெசமாவே இருக்குதுங்களா?

பவானித்தறி:
முதல்ல அட்வான்ஸ் குடுத்துராதீங்ணா. எங்க ஊர்ச் சங்கத்துல இதே மாதிரி ஒருத்தருக்கு அள்ளிக் குடுத்துட்டு அப்புறம் ஆளையே காணோம். மத்ததை விவரம் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

ஈரோடு_ஆடிட்டரம்மா:
தம்பி, நான் ஈரோட்டுல பிராக்டீஸ் பண்றேன், நாலஞ்சு ட்ரஸ்ட் பார்க்கறேன். அப்படித் தனி லைசன்ஸ் ஒண்ணும் கிடையாது. 1949 சிஏ சட்டப்படி ஐசிஏஐ (சிஏக்களோட தேசிய அமைப்பு) மெம்பரா இருக்கோணும், தொழில் பண்ண அவங்க குடுக்கற பிராக்டீஸ் சர்டிஃபிகேட் நடப்புல இருக்கோணும், மில்லு ஆடிட் பண்றவரும் ட்ரஸ்ட் ஆடிட் பண்றவரும் அதே சர்டிஃபிகேட் தான். அந்தாளு எங்கியோ அரைகுறையாக் கேட்டிருப்பாரு, சோசியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ல (தொண்டு அமைப்புங்க பணம் திரட்டற பங்குச் சந்தைப் பிரிவு) பதிஞ்ச அமைப்புங்க குடுக்கற இம்பேக்ட் ரிப்போர்ட்டைப் பார்க்கற சோசியல் இம்பேக்ட் அசெஸருக்குத்தான் (முன்ன சோசியல் ஆடிட்டர்னாங்க) என்ஐஎஸ்எம்னு செபியோட பயிற்சி நிறுவனம் பரீட்சை ஒண்ணு வெச்சிருக்காங்க, சோறு போடற உங்க ட்ரஸ்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கணக்கு எழுதற உங்களுக்கும் லைசன்ஸ் வேண்டாம், டேலி சாஃப்ட்வேர்ல ஒழுங்காப் போட்டு ரசீது புஸ்தகத்தோட ஒத்துப் போனாப் போதும். அந்த 18,000த்துக்குப் பத்து நாள் சோறு போடலாம்.

ஆனா ஒண்ணு, நீங்க நிம்மதியா இருக்கற இடத்துல தான் வில்லங்கமே இருக்குது. ட்ரஸ்டியோட தங்கச்சி பையன், அந்த மாப்பிள்ளை, கையெழுத்துப் போடக் கூடாது. 1961 வருமான வரிச் சட்டம் 288ல ட்ரஸ்டியோட ஒறம்பரை (சொந்தக்காரங்க) ஆடிட் பண்ணக் கூடாதுன்னு இருக்குது. ஒறம்பரைன்னா யாருன்னும் அங்கயே பட்டியல் இருக்குது, அக்கா தங்கச்சி அண்ணன் தம்பி வாரிசு வரைக்கும் வருவாங்க. அது போக அவரு கம்பெனில சம்பளத்துல இருக்கறவரு, பிராக்டீஸ் சர்டிஃபிகேட் வெச்சிருந்தாலும் பார்ட் டைமாத்தான் இருக்கும், 2005 ஏப்ரல்ல இருந்து பார்ட் டைம்காரங்க ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடக் கூடாது. இலவசமா வர்ற கையெழுத்துல ரெண்டு ஓட்டை.

நொய்யல்காரன்:
அக்கா ஒரு சந்தேகம், நான் சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுண்டன்ட்) முடிச்சிருக்கேன், நான் போடலாமுங்களா?

ஈரோடு_ஆடிட்டரம்மா:
ட்ரஸ்ட் ஆடிட் ரிப்போர்ட் ஃபாரத்துல முடியாது தம்பி, சிஏ தான். ரிட்டன் தயார் பண்றது மத்தவங்களும் செய்யலாம்.

கோபித் தம்பி, இன்னொண்ணு. வெளிநாட்டுப் பணம் ஏதாச்சும் வந்துச்சுங்களா? வரவு 5 கோடிக்குள்ள இருந்தா ஆடிட் ரிப்போர்ட்டுக்கு 10பிபி ஃபாரம். ஆனா ஒத்தை ரூபா வெளிநாட்டு நன்கொடை வந்தாலும், இல்ல வருமானத்துல கொஞ்சம் இந்தியாவுக்கு வெளியில செலவு பண்ணியிருந்தாலும் 10பி. இதுல மாத்திப் போட்டு மாட்டிக்கிட்டவங்க நிறையப் பேரு.

கோபி_கணக்கு:
ஐயோ அக்கா, சிங்கப்பூர்ல இருக்கற எங்க ஊருப் பையன் ஒருத்தன் 20,000 போட்டானே!

ஈரோடு_ஆடிட்டரம்மா:
பாஸ்போர்ட் எதுன்னு கேளுங்க. இந்தியப் பாஸ்போர்ட்டா இருந்து, சம்பாதிச்ச சொந்தக் காசை பேங்க் வழியா அனுப்பியிருந்தா எஃப்சிஆர்ஏல (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டாருன்னா கதையே வேற, எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாம அதை வாங்கியிருக்கவே கூடாது.

கோபி_கணக்கு:
இந்தியப் பாஸ்போர்ட் தானாமுங்க, காப்பி வாட்சப்ல தாட்டி விட்டிருக்கான், ஃபைல்ல வெச்சுட்டேன். சத்தியமங்கலத்துல ஒரு ஆடிட்டர் கிடைச்சிருக்காரு, ஃபீஸ் 9,000ங்கறாரு. நெசமான ஆளான்னு எப்படிப் பார்க்கறது? 12ஏபி போயிரும்னு சொன்னதுல ட்ரஸ்டிக்கு இன்னும் தூக்கம் வரலீங்க.

ஈரோடு_ஆடிட்டரம்மா:
அவரு மெம்பர்ஷிப் நம்பரை வாங்கி ஐசிஏஐ சைட்ல போட்டுப் பாருங்க. கையெழுத்தான ரிப்போர்ட்ல 18 இலக்க யூடின் (ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் சிஏ எடுக்கற தனி அடையாள நம்பர்) இருக்கும், அதை யூடின் போர்ட்டல்ல நீங்களே சரி பார்த்துக்கலாம். ரிப்போர்ட் செப்டம்பர் 30க்குள்ள ஏறோணும், ரிட்டன் ஐடிஆர்-7 அக்டோபர் 31. ரிப்போர்ட் லேட்டானா அந்த வருச விலக்கைத்தான் மறுப்பாங்க, 12ஏபி ஒரே நாள்ல பறந்துராது. லேட்டுக்கும் 2024ல வந்த 16ஆம் நம்பர் சர்க்குலர்படி காரணம் எழுதி மன்னிப்பு கேக்கலாம், ஆனா அதுக்கு அலையறதுக்கு இப்பவே முடிச்சிருங்க. அந்த மஞ்சப்பையையும் பத்திரமா வெய்யுங்க, வருமான வரி 17ஏஏ ரூல்ல கணக்குப் புஸ்தகம் 10 வருசம் இருக்கோணும்.

கோபி_கணக்கு:
அக்கா கோவிச்சுக்காதீங்க, மறுபடியும் நான் தான். சத்தி ஆடிட்டர் ரெண்டு நாள் முன்னாடியே ரிப்போர்ட் ஏத்திட்டேங்கறாரு, நான் ரிட்டன்ல பார்த்தா ஃபைல் ஆகலைன்னே காட்டுது. அவரு பொய் சொல்றாரோன்னு பயமா இருக்குது.

ஈரோடு_ஆடிட்டரம்மா:
பாவம் அவரைச் சந்தேகப்படாதீங்க. அவரு ஏத்தினா பாதி வேலை தான். வருமான வரி போர்ட்டல்ல ட்ரஸ்ட்டோட பேன் நம்பர்ல லாகின் பண்ணி ஒர்க்லிஸ்ட்டுக்குள்ள போங்க, உங்க ஒப்புதலுக்குன்னு 10பிபி காத்துட்டிருக்கும். படிச்சுப் பார்த்து அக்செப்ட் குடுத்து ட்ரஸ்டி டிஜிட்டல் கையெழுத்தோ ஆதார் ஓடிபியோ போட்டாத்தான் ஃபைல் ஆகும். ஓடிபி ட்ரஸ்டி ஃபோனுக்கு வரும்.

கோபி_கணக்கு:
இருந்துச்சுங்க்கா! ட்ரஸ்டி தோட்டத்துல மோட்டார் போட்டுட்டிருந்தாரு, டவர் கிடைக்காம கிணத்து மேட்டு மேல ஏறி நின்னு ஓடிபி சொன்னாரு, மூணாவது தடவை ஏறிருச்சு. அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர் வந்துருச்சு. மாப்பிள்ளைகிட்ட நீங்க போடக் கூடாதாமுங்கன்னு சொல்றது தான் பாக்கி, அதை ட்ரஸ்டியே சொல்லிக்கட்டும்.

பவானித்தறி:
அந்த 35,000காரரு திரும்ப வந்தா அவரு யூடினைக் கேளுங்ணா 😄