எங்கள் அப்பாவோடு பழகியவர்கள் எழுதியவை

மூத்த மகள்

அப்பா இறந்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு சம்பவம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாதி எங்களுக்கே தெரியாதவை. எழுதி வைக்காவிட்டால் மறந்துபோகும். அதனால், அவரோடு பழகியவர்கள் கண்ணால் கண்டதை இங்கே எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் இரவு செபமாலை தவறியதில்லை. ஆனால் அப்பா அதை வைத்து யாரையும் வாட்டியதும் இல்லை. பிள்ளைகள் தூங்கி விழுந்தால், செபமாலையின் ஐந்து பகுதிகளில் (மறைபொருள்கள் என்போம்) முதலாவதோடு நிறுத்திவிட்டு, "மிச்சத்த நான் சொல்லிக்கிறேன், போய்ப் படுங்க" என்பார். 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் செபமாலையில் 'ஒளியின் மறைபொருள்கள்' என்று புதிதாக ஐந்தைச் சேர்த்தபோது, அந்த ஐந்தையும் காலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்து, வியாழக்கிழமைகளில் பார்த்துப் பார்த்துச் சொன்னார். மற்ற நாட்களில் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பழைய செபங்கள்தான்.

இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் மேல் அவருக்குத் தனிப் பற்று. நற்செய்தியில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று பிரசங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அப்பா கவனித்தது வேறு. கனவில் வானதூதர் சொன்னதும் அவர் எழுந்து, அந்த இரவிலேயே பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குக் கிளம்பினார் என்று மத்தேயு எழுதுகிறார். "விடியட்டும்னு இருக்கல பாரு" என்பார் அப்பா. அம்மாவுக்கு ஆஸ்துமா. நடுராத்திரி மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டால் எங்களுக்கு விழிப்பு வருவதற்குள் அப்பா அம்மாவைத் தாங்கி உட்கார வைத்து, இன்ஹேலரைக் கையில் கொடுத்திருப்பார். மூச்சு சீராகிறவரை படுக்கமாட்டார். காலையில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது, முதல் பூசைக்குக் கிளம்பிவிடுவார்.

இன்னொன்று. 2015 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ், பிரான்ஸ் நாட்டுப் புனிதை குழந்தை தெரசாளின் பெற்றோர் லூயி மார்ட்டின், செலி மார்ட்டின் இருவரையும் ஒன்றாகப் புனிதர்களாக அறிவித்தார். தம்பதியாகச் சேர்ந்து புனிதர் பட்டம் பெற்றவர்கள் அவர்கள்தான் முதல். அவர் கடிகாரம் செய்கிறவர், அந்த அம்மா லேஸ் பின்னுகிறவர், ஒன்பது பிள்ளைகளில் நான்கைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர்கள். அப்பா அந்தச் செய்தியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். அவ்வளவு சந்தோஷம்.

வின்சென்ட் தே பவுல் சபையில் உடன் இருந்தவர்

தங்கச்சி, அண்ணனோடு எத்தனையோ வீட்டுப் படி ஏறியிருக்கிறேன். எங்கள் சபையில் ஏழைகளைப் பார்க்க இரண்டு பேராகத்தான் போவோம். நான் ஏதாவது பேசி நிரப்பப் பார்ப்பேன். அண்ணன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஃபிரடெரிக் ஓசானாம் 1833-இல் பாரிஸில் நண்பர்களோடு இந்தச் சபையைத் தொடங்கியபோது அவருக்கு 20 வயது. பிறகு கல்யாணமாகி ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனாகி, 40 வயதிலேயே இறந்துவிட்டார். 1997-இல் அருளாளர் ஆனார், அது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி. குடும்பஸ்தர்கள் நேரமில்லை என்று தயங்கினால் அண்ணன் இதைத்தான் எடுத்துச் சொல்வார். அதே அண்ணன், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடுவார். வீட்டைப் போட்டுவிட்டு ஊருக்குச் செய்வதில் அவருக்குச் சம்மதமில்லை.

அவர் விட்டுக்கொடுக்காத வேலை ஒன்று உண்டு. கேட்க ஆளில்லாமல் இறந்தவர்களை அடக்கம் செய்வது. திருச்சபை சொல்லும் உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழில் ஆறு மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன, ஏழாவதான இந்த வேலை பைபிளின் தோபித்து புத்தகத்தில் இருந்து வருகிறது என்று புதிதாக வருபவர்களுக்கு விளக்குவார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு உடலை வாங்குவது, பெட்டிக்குச் சொல்வது, குழிக்கு ஆள் பார்ப்பது, எல்லாம் அவரே. ஒருமுறை இறந்த பெரியவர் பெயரும் தெரியவில்லை, என்ன மதம் என்றும் தெரியவில்லை. என்ன செய்யலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன், "ஒரு மனுசன் போகும்போது இன்னொரு மனுசன் கூட நிக்கணும். மத்தத ஆண்டவர் பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மண் முழுக்கப் போட்டு மூடும்வரை நகரவில்லை. அப்புறம் பாக்கெட்டில் இருந்து சின்ன நோட்டை எடுத்து, 'பெயர் தெரியாத பெரியவர்' என்று எழுதித் தேதி போட்டுக்கொண்டார்.

இரண்டாவது மகன்

அக்கா, நான் கோவிலுக்கு ஒழுங்காகப் போகிறவன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றும் அப்படித்தான். கல்லூரி முடித்த புதிதில் நான் பூசைக்கு வரவில்லை என்று சொன்னபோது அப்பா ஏன் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார், மறுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம், "சாயங்காலம் ஒரு நோயாளியப் பாக்கப் போறேன், வண்டி எடுக்கிறியா?" என்றார். அதிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, தலையணையைச் சரிசெய்வது என்று என்னிடமும் ஏதாவது ஒன்றை விடுவார். திரும்பி வரும்போது சாமியைப் பற்றிப் பேசமாட்டார், கிரிக்கெட் பேசுவார்.

மறைக்கல்வி மாணவி

சார் எங்களுக்கு முதல் நற்கருணைக்குப் பாடம் எடுத்தவர். என் அப்பா சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டார். அதனால் 'எங்கள் தந்தையே' என்று செபம் தொடங்கும்போது நான் வாய் திறக்கமாட்டேன். சார் கவனித்திருக்கிறார். வற்புறுத்தவில்லை. பெற்றோர் வரவேண்டிய நாளில் அவரும் அவர் மனைவியும் வந்து எனக்காக அமர்ந்தார்கள். என் கல்யாணத்துக்கும் வந்தார்கள்.

மருமகள்

மாமாவுக்கு ஞாபகம் போன கடைசிக் காலத்தில் நான்தான் அதிகம் கூட இருந்தேன். நோய் என்னவென்று டாக்டர் சொன்ன உடனே, புத்தி தெளிவாக இருக்கும்போதே நோயில்பூசுதல் (குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்) கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் சிலர் பயந்தார்கள். "அது சாகப் போறவனுக்கு மட்டும் இல்லம்மா, நோயாளிக்கு. திரும்பவும் வாங்கிக்கலாம்" என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார்.

பிறகு பிள்ளைகள் பெயர் மறந்தது. என்னை நர்ஸ் என்று நினைத்தார். நற்கருணை கொண்டுவந்த வயதான ஃபாதர் ஒருநாள் கட்டில் பக்கத்தில் நின்று, "இன்த்ரோயிபோ அத் அல்தாரே தேயி" (கடவுளின் பீடத்திடம் செல்வேன்) என்றார். மாமா சட்டென்று, "அத் தேயும் குவி லேத்திஃபிகாத் யுவெந்தூத்தெம் மேயாம்" (என் இளமைக்கு மகிழ்ச்சி தரும் கடவுளிடம்) என்று முடித்தார்! 1960-களின் நடுப்பகுதிவரை பூசை லத்தீனில் நடந்தபோது பீடச்சிறுவன், அதாவது பூசையில் குருவானவருக்கு உதவும் பையன், சொல்லவேண்டிய பதில் அது என்று ஃபாதர் விளக்கினார். அந்த ஃபாதரும் பீடச்சிறுவனாக இருந்தவர்தானாம். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்ல, நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தை பெயர் மட்டும் மாமாவுக்குக் கடைசிவரை மறக்கவே இல்லை.

அம்மா சொல்ல, மூத்த மகள் எழுதியது

எல்லாரும் நல்லதாகவே எழுதியிருக்கிறீர்கள். உங்க அப்பாவுக்குக் கோபமும் வரும். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிறு, பூசைக்குக் கிளம்பும்போது என்னை எடுத்தெறிந்து பேசிவிட்டார். அன்றைக்குக் காணிக்கைப் பவனியில் அப்பத்தட்டு அவர் கையில். பாதி வழியில் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு நேரே என் பெஞ்சுக்கு வந்துவிட்டார். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் மனத்தாங்கல் உள்ளவரோடு சமாதானமாகு என்று மத்தேயுவில் இருக்கிறதே, அதை அப்படியே செய்கிறாராம். "நான் பேசினது தப்பு" என்றார். எனக்கு வெட்கம். "போங்க, எல்லாரும் பாக்கிறாங்க" என்றேன். போகவில்லை. நான் "சரி" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார். அதற்கப்புறம் சண்டை வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நானே பேசி முடித்துவிடுவேன்.

சபைத் தம்பி சொன்ன நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அதில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துப் பூசைக் கருத்து கொடுப்பது, அதாவது அவர்களுக்காகப் பூசை வைக்கச் சொல்வது, அவர் வழக்கம். இந்த வருடம் சபையில் இருந்து யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்து புரியாத இடத்தை நான் வாசித்துச் சொல்கிறேன்.