வடத்தை ‘விடு’ என்பதற்கு அரபில் என்ன சொல்கிறார்கள்? வளைகுடாத் துறைமுகங்களில் இருப்போர் உதவுங்கள்

வணக்கம். வளைகுடாத் துறைமுகங்களில் கப்பலின் வடத்தை வாங்கிக் கட்டும் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஆங்கிலம், அரபு, தமிழ் மூன்றிலும் ஒரு பக்கச் சொற்பட்டியல் தயாரிக்கிறோம். கயிறு ஹபல், முடிச்சு உக்தா, கட்டு உர்புத், இழு இஸ்ஹப். இதுவரை சரி.

சிக்கல் எல்லாம் விடுவதில்தான். ஆங்கிலத்தில் ‘ஸ்லாக் அவே’ என்றால் வடம் பிட்டில் (கப்பல் தளத்தில் வடத்தைச் சுற்றும் இரட்டைத் தூண்) சுற்றியபடியே இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ‘லெட் கோ’ என்றால் பொல்லார்டிலிருந்து (துறைமேடையில் வடத்தை மாட்டும் குட்டைத் தூண்) கண்ணியையே, அதாவது வட முனையில் உள்ள வளையத்தையே, கழற்ற வேண்டும். இரண்டுக்கும் ‘விடு’ என்று எழுதினால் ஆபத்து. தளர்த்தச் சொன்னபோது கழற்றினால் கப்பல் விலகிவிடும், மீதி வடங்கள் மேல் மொத்த இழுவையும் ஏறும். அறுந்த வடம் பின்னோக்கி அடித்தால் ஆள் பிழைப்பது அரிது. ‘மேக் ஃபாஸ்ட்’ வேறு. வேகமாக அல்ல, இறுகக் கட்டு.

அரபில் தளர்த்த ‘அர்கி’, அவிழ்க்க ‘ஃபுக்’, வளைகுடாப் பேச்சில் விட்டுவிட ‘ஹித்’. வேலைத்தளத்தில், இரைச்சலுக்கு நடுவே, ‘லெட் கோ’வுக்கு இவற்றில் எதைக் கூவுகிறார்கள்?

இன்னொன்று. ஒரே பொல்லார்டில் இரண்டாவது கண்ணியைப் போடும்போது, முதல் கண்ணிக்குள் கீழிருந்து மேலே நுழைத்துப் பிறகு மாட்டுவோமே, எதை வேண்டுமானாலும் முதலில் கழற்ற வசதியாக? அதற்கு அரபிலோ தமிழிலோ வழக்குச் சொல் உண்டா? நம் பக்கம் சுமை இறக்கச் சொல்லும் ‘ஆரியா’ அங்கே யாருக்காவது புரிகிறதா?

எந்தத் துறைமுகம், எந்த நாட்டார் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குரல்பதிவு கிடைத்தால் இன்னும் நல்லது.